தாய்நூல்

கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதைப் பற்றிப் பேசத்தான் மணிவாசகம் வந்திருந்தார். காபியைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, "அப்புறம் தங்கச்சி, உங்க பக்கத்துக் குலதெய்வம் எதுன்னு சொல்லிட்டீங்கன்னா மேல ரெண்டு பேரையும் போட்டுடலாம்" என்றார்.

வைகை சிரித்தாள். "எங்களுக்கு ஏதுண்ணே குலதெய்வம்? எனக்குப் பேர் வச்சதே ரயில்வே போலீஸ்."

அது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. ஐம்பது வருடங்களுக்கு முன் திண்டுக்கல் ஜங்ஷனில் வைகை எக்ஸ்பிரஸ் வந்து நின்றபோது, ஒரு பெட்டியின் ஜன்னலோர இருக்கையில் பச்சைக்குழந்தை ஒன்று தனியாகக் கிடந்தது. உடம்பைச் சுற்றி ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு பால்புட்டி. தூக்கிக்கொண்டு இறங்கிய போலீஸ்காரர் பதிவேட்டில் பெயர் என்ற இடத்தில் வண்டியின் பெயரை எழுதினார். இனிஷியலுக்கு ஊரின் முதல் எழுத்து. அப்படித்தான் தி. வைகை ஆனாள். வளர்ந்தது ஒரு விடுதியில். கட்டிக்கொண்ட திரவியமும் அதே விடுதியில், சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பிரிவில் வளர்ந்தவன். அவன் மாரடைப்பில் போய் ஆறு வருடம் ஆகிறது. வைகை இப்போது பெண்களுக்கான பேருந்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறாள். மாவட்டத்தில் ஓடுகிற மின்பேருந்துகளில் பாதிக்குமேல் அவளிடம் படித்தவர்கள் கையில்தான்.

மணிவாசகத்துக்கு இதெல்லாம் தெரியும். அவர் மகன் தருணும் அவள் மகள் இளவேனிலும் இரண்டு வருடமாகப் பழகியவர்கள். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் எப்போதும் டெஸ்டரும் பேனாவும் வைத்திருக்கிற, குரல் உயர்த்தத் தெரியாத மனிதர்.

"தெரியாதுன்னு விட முடியாதே தங்கச்சி. இப்பத்தான் டெஸ்ட் இருக்கே" என்றார் தயங்கியபடி.

அங்கேதான் சிக்கல். முன்பெல்லாம் 'தெரியாது' என்பதும் ஒரு பதில். பஞ்சத்தில் ஊரைவிட்டு வந்தோம், தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டார், எந்தக் கோயில் என்று சொல்ல ஆள் இல்லை என்றால் கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எச்சிலை வைத்துக் குலதெய்வத்தைச் சொல்லும் 'மூலவேர்' மையங்கள் ஊருக்கு ஊர் வந்தபிறகு அந்தப் பதில் செல்லாமல் போயிற்று. இருபது நிமிட வேலை. ஒரு குழாயில் துப்பினால் போதும். இதற்குப்பிறகும் தெரியாது என்கிறவர்கள் சோம்பேறிகள், இல்லாவிட்டால் எதையோ மறைக்கிறவர்கள்.

அவர் போனதும் இளவேனில் வந்தாள். கால்நடை மருத்துவர். பிரசவமான பசுவுக்குப் பக்கத்திலிருந்து நேராக வந்திருந்தாள். கையெல்லாம் டெட்டால் வாசம்.

"நீ ஒண்ணும் துப்ப வேணாம்மா. அவங்களுக்கு வேணும்னா மாடு வாங்குற மாதிரி பரம்பரை பார்க்கட்டும். தருண்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"உனக்காக இல்லடி" என்றாள் வைகை. "எனக்கே பார்க்கணும்னு இருக்கு."

இளவேனில் நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஜாதி கேட்ட பெண்களிடம் "நான் ரயில் ஜாதி, ரெண்டாம் வகுப்பு" என்று சொன்ன கதையைத்தான் வைகை எப்போதும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். சொல்லாத கதை ஒன்று இருந்தது. ஓட்டுநராக இருந்த காலத்தில், கண்ணாடியில் ஏறுகிற பெண்களின் முகங்களைப் பார்ப்பாள். அவளுக்கு மோவாயில் ஒரு குழி, காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கும். அப்படி யாராவது ஏறினால் அன்றைக்கு வண்டி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். முப்பது வருடப் பழக்கம் அது. திரவியத்துக்கு மட்டும் தெரியும்.

மையத்தில் ஃபர்ஹானா என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குமேல் இராது. வெள்ளைக் கோட்டின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள்.

"குலதெய்வமாக்கா? வீட்டுல ஆம்பளைங்க யாரும் இருக்காங்களா? அண்ணன், தம்பி, பையன்?"

"ஒரு சேவல் இருக்கு."

ஃபர்ஹானா சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "விஷயம் என்னன்னா, குலதெய்வம் அப்பா வழியில போறது. அப்பாகிட்டேருந்து மகனுக்கு மட்டும் போற ஒரு நூல் இருக்கு. தந்தைநூல்னு சொல்லுவோம். ஒவ்வொரு கோயில்லயும் பரம்பரையாப் பூசை பண்றவங்களோட நூலை வாங்கி வச்சிருக்கோம். உங்க நூலை அதோட ஒத்துப் பார்த்தா முடிஞ்சது. ஆனா பொம்பளைங்க உடம்புல அந்த நூல் கிடையாது. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

"அப்ப நமக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஏன் இல்ல? தாய்நூல் இருக்கே. அம்மாகிட்டேருந்து எல்லாப் பிள்ளைக்கும் வரும். பையனுக்கும் வரும், ஆனா அவனோட நின்னுடும். பொண்ணுதான் அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு போவா."

"அந்த நூலுக்கு எந்தக் கோயில்?"

"அதுக்கு யாரும் கோயில் கட்டலக்கா" என்றாள் ஃபர்ஹானா. பிறகு குரலைத் தணித்தாள். "இன்னொரு பக்கமும் இருக்கு. நெருங்கின சொந்தம். அம்மா, அப்பா, கூடப்பொறந்தவங்க, சித்தப்பன் பெரியப்பன் மக்கள் யாராவது எங்கேயாவது பதிஞ்சிருந்தா காட்டிடும். அதுல பேர் வரும், ஊர் வரும். ஊர் வந்தா ஜாதியும் வந்துடும். தெரிஞ்சதுக்கு அப்புறம் தெரியாதுன்னு இருக்க முடியாது. அதனால கேட்டுட்டுத்தான் திறப்போம்."

வைகை யோசித்தாள். அவளுடைய சான்றிதழில் ஜாதி என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. ஐம்பது வருடமாக அந்த வெற்றிடத்துக்குள் கைகால் நீட்டி வசதியாக வாழ்ந்துவிட்டாள். யாரும் அவளை மேலே தூக்கவும் இல்லை, கீழே இறக்கவும் இல்லை. நாளைக்கு ஒரு பெயர் வந்து உட்கார்ந்தால் அந்த இடம் போய்விடும். சம்பந்தி வீட்டாருக்குப் பிடித்த பெயராக இருந்தாலும் போய்விடும், பிடிக்காத பெயராக இருந்தாலும் போய்விடும்.

ஆனாலும் அந்த மோவாய்க் குழி.

"திற" என்றாள்.

ஃபர்ஹானா திரையைத் தட்டினாள். ஒரு சக்கரம் சுற்றியது. நெருங்கின சொந்தம்: பதிவு எதுவும் இல்லை.

தேர்வு ரத்தாகிவிட்டது என்று கேள்விப்படுகிற மாணவிக்கு வருமே ஒரு நிம்மதி, கூடவே 'இவ்வளவு படித்தோமே' என்கிற ஒரு வயிற்றெரிச்சல், அது இரண்டும் ஒன்றாக வந்தது வைகைக்கு. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்கக்கா, தாய்நூல் பக்கம் பார்க்கலையே." ஃபர்ஹானா திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ம-நாற்பத்தேழு. அதிகம் பரவாத நூல். உங்களோட சேர்த்து முந்நூத்திப் பதிமூணு பேர் பதிஞ்சிருக்காங்க. உங்களைத் தவிர்த்து முந்நூத்திப் பன்னிரண்டு. எல்லாரும் 'பேச விருப்பம்'னு போட்டிருக்காங்க."

"அவங்களுக்கும் எனக்கும் என்ன உறவு?"

"உங்க எல்லாருக்கும் ஒரே அம்மா. உத்தேசமா ரெண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி."

அன்று மாலையே வைகை மணிவாசகத்தைத் தொலைபேசியில் அழைத்து உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"ரெண்டாயிரத்து அறுநூறு வருஷமா? தங்கச்சி, அது சொந்தம் இல்ல, சரித்திரம்" என்றார். "பத்திரிகை ஒரு வாரம் கழிச்சு அடிச்சுக்கலாம். யோசிக்கிறேன்."

என்ன யோசிக்கப் போகிறார் என்று சொல்லவில்லை. இளவேனில் தருணிடம் சண்டை போட்டாள். தருண் அப்பாவிடம் சண்டை போட்டான். அப்பா யாரோடும் சண்டை போடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகத் தகவல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மாணவிகள் யாரும் இல்லாத பயிற்சி மைதானத்தில், நிறுத்தி வைத்த பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து வைகை செல்போனில் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் பட்டியலைத் திறந்தாள். எல்லோருக்கும் ஒரே சமயத்தில் குரல் செய்தி அனுப்ப ஒரு பொத்தான் இருந்தது. மைக் தெரிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வணக்கம். என் பேர் வைகை. திண்டுக்கல். நான் ஒரு ரயில்ல கிடைச்ச பிள்ளை. வர்ற மாசம் பதினெட்டாம் தேதி என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல நிறைய ஜனம். எங்க பக்கம் டிரைவருங்க மட்டும்தான். உங்கள்ல யாராவது பொண்ணுக்குத் தாய்வீட்டு ஆளா வந்து நின்னீங்கன்னா சந்தோஷப்படுவேன். மொய் எதுவும் வேணாம். வந்து சாப்பிட்டாப் போதும்."

அனுப்பிய அடுத்த கணமே வெட்கமாகிவிட்டது. அதைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும்போதே முதல் பதில் வந்தது.

"வத்தலக்குண்டுலேருந்து நூர்ஜஹான் பேசுறேன். சமையல் காண்டிராக்ட் எடுக்குறேன். கல்யாணத்துக்கு ஆள் பேசிட்டீங்களா, இல்ல நம்மளே பார்த்துக்கலாமா?"

இரண்டாவது, ஸ்ரீரங்கத்திலிருந்து பங்கஜவல்லி. ஓய்வுபெற்ற நீதிபதி. தனக்கு முழங்கால் வலி என்றும், கீழ்த்தளத்தில் அறை கிடைத்தால் முதல் நாளே வந்துவிடுவதாகவும் தீர்ப்பு வாசிப்பதுபோலச் சொன்னார். பாம்பனிலிருந்து பிரிட்டோ மேரி, சொந்தமாக இரண்டு படகு வைத்திருப்பவள், "அக்கா, நான் மீன் கொண்டாரவா, இல்ல அது சைவக் கல்யாணமா?" என்றாள். பழனி மலைமேலிருந்து மாதி என்ற பெண், தேன் எடுக்கிறவள், பேசத் தெரியாமல் சிரித்து மட்டும் அனுப்பியிருந்தாள். திருச்சியில் இருக்கும் சிவகௌரியின் குரலில் யாழ்ப்பாணம் இன்னும் மாறாமல் இருந்தது. "நான் வாறன் அக்கா. எனக்கும் இஞ்ச ஒருத்தரும் இல்லை. நீங்கள் கேட்டது எனக்குப் பெரிய சந்தோசம்."

சாயங்காலத்துக்குள் அறுபத்தொரு பதில்கள். வைகை ஓட்டுநர் இருக்கையைவிட்டு எழவே இல்லை.

புதன்கிழமை காலை மணிவாசகம் மைதானத்துக்கே வந்துவிட்டார். வைகை ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் மாணவியை டீ குடிக்க அனுப்பிவிட்டுத் தானே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "ஏறுங்கண்ணே."

அவர் ஏறி முதல் இருக்கையில், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். வைகை வண்டியை மைதானத்தைச் சுற்றி மெல்ல ஓட்டினாள். முகம் பார்க்காமல் பேச வேண்டிய பேச்சைப் பேசுவதற்குப் பேருந்தைவிட நல்ல இடம் இல்லை என்பது அவள் அனுபவம்.

இரண்டாவது சுற்றில் அவர் ஆரம்பித்தார். "மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க கோயில் கமிட்டியில, எல்லாத் தலைக்கட்டும் வீட்டுக்கு ஒரு ஆம்பளையா டெஸ்ட் எடுத்துப் பதிவு பண்ணணும்னு தீர்மானம் போட்டாங்க. நான்தான் செயலாளர். முத ஆளாப் போய்க் கொடுத்தேன்."

"சரி."

"சேரல தங்கச்சி."

வைகை கண்ணாடியில் பார்க்கவில்லை. வளைவில் வண்டியைத் திருப்பினாள்.

"எங்க தாத்தாவோ, அவருக்கு அப்பாவோ, எங்கேருந்தோ வந்திருக்காரு. தத்து எடுத்தாங்களா, வேற என்னவோ, யாருக்குத் தெரியும்? கேட்க ஆள் இல்ல. ரிப்போர்ட் தொலைஞ்சுபோச்சுன்னு கமிட்டியில சொல்லிட்டேன். அன்னிலேருந்து திருவிழாவுக்குப் போனா கடைசி வரிசையிலதான் நிக்கிறேன். டிக்கெட் எடுக்காம வண்டியில உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது. தருணுக்கும்தான்."

"அதுக்கும் எங்க குலதெய்வத்துக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"என் பக்கம் ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியுது. பிறக்கப் போற பிள்ளைங்களுக்கு உங்க பக்கமாவது உறுதியா ஒண்ணு இருந்தா நல்லா இருக்குமேன்னு நினைச்சேன். வேற ஒண்ணும் இல்ல. உங்களைக் குறைச்சலா நினைச்சுக் கேட்கல."

வைகை பிரேக்கை அழுத்தினாள். இருக்கையிலேயே திரும்பி உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். அறுபத்திரண்டு வயது மனிதர், சட்டைப்பையில் டெஸ்டரோடு, பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையனைப்போல உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, நான் எல்லாக் கோயிலுக்கும் போயிருக்கேன். கும்பிடணும்னு தோணினா உள்ள போவேன், கும்பிடுவேன், வந்துடுவேன். உள்ள இருக்குறது இதுவரைக்கும் என்கிட்ட 'நீ யாரு மக'ன்னு கேட்டதில்ல. உங்ககிட்ட கேட்டுச்சா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கேட்கல."

"அப்புறம் ஏன் கடைசி வரிசை?"

அவர் எழுந்தார். இறங்கும்போது, "பத்திரிகையில முன்னோர்கள் துணைன்னு மட்டும் போட்டுடலாமா? யாரோட முன்னோர்னு யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

"நல்லா இருக்குண்ணே. எனக்கும் யாரோ இருந்திருப்பாங்கல்ல. வண்டி ஏத்திவிட்டவங்க."

அப்படியே அச்சாயிற்று.

பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்குள் மண்டப வாசலில் பெண் வீட்டார் நாற்பத்து நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள். தாய்வீட்டுச் சீர் என்று ஆளுக்கொரு தட்டு. ஒரு தட்டில் மலைத்தேன், ஒன்றில் வத்தலக்குண்டு வாழைப்பழம், ஒன்றில் பாம்பன் சங்கு, ஒன்றில் பனங்கட்டி. நீதிபதி அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் பட்டுப்புடவைத் தட்டை வைத்துக்கொண்டு, யார் முன்னால் போவது என்பதில் எழுந்த தகராறை விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரே அம்மாவின் பிள்ளைகள் என்றால் மூத்தவள் யார் என்பதுதான் வழக்கு. வயதுப்படி போகலாம் என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பின்படி முதல் ஆள் நீதிபதிதான் என்பதை நூர்ஜஹான் சுட்டிக்காட்டினாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஃபர்ஹானாவும் வந்திருந்தாள். அவளுடைய நூல் வேறு. பிரியாணி உண்டா என்று பார்க்க வந்ததாகச் சொன்னாள்.

வைகை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கைபிடித்து அழைத்தாள். பழக்கதோஷத்தில் மோவாயைப் பார்த்தாள். ஒருத்திக்கும் குழி இல்லை. மாதிக்கு மட்டும் காதுமடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. வைகை அதைத் தொட்டுப் பார்த்தாள். மாதி ஒன்றும் புரியாமல் அவளுடைய காதைப் பதிலுக்குத் தொட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊர்வலத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

தாலி கட்டி முடிந்து முதல் பந்தி. மணிவாசகத்தின் பெரியப்பா மகன் பரமகுரு நடுவரிசையில் உட்கார்ந்திருந்தார். கோயில் கமிட்டியின் தலைவர், எழுபத்தெட்டு வயது. பக்கத்தில் அவருடைய தம்பி. வைகை இலைகளைப் பார்த்துக்கொண்டே, விசாரித்துக்கொண்டே வந்தாள். பின்னால் பாயச வாளியோடு அவளுடைய மாணவி ஒருத்தி.

"ஏம்மா, பத்திரிகையில ரெண்டு பக்கத்துக் குலதெய்வமும் போடலையே. எந்தக் கோயிலும்மா நீங்க?" என்று கேட்டார் பரமகுரு. கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. பந்தியில் கேட்கிற வழக்கமான கேள்விதான். ஆனால் குரல் பெரியது. வரிசை முழுக்கத் திரும்பியது.

வைகை வாயைத் திறக்குமுன் எதிர்வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்த மணிவாசகம் வந்து நின்றார். கையில் அப்பளக் கூடை.

"அவங்க ரயில் ஏறி வந்தவங்கண்ணே. அவ்வளவாவது தெரியுது. நான் எப்படி வந்தேன்னுதான் தெரியல" என்றார். "ரிப்போர்ட் தொலையலண்ணே. வீட்டுலதான் இருக்கு. நம்ம கோயிலோட என் நூல் சேரல. செயலாளர் பதவியை இன்னிக்கே விட்டுடுறேன்."

அப்பளம் நொறுங்குகிற சத்தம்கூட இல்லை. மேடையிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தருண் மாலையோடு எழுந்துவிட்டான்.

பரமகுரு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதத்தைப் பிசைந்தார். உருட்டினார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"எனக்கும் சேரலடா" என்றார் மெதுவாக.

பக்கத்தில் இருந்த தம்பி திடுக்கிட்டுத் திரும்பினார். "உனக்குமாண்ணே?"

இரண்டு இலை தள்ளி ஒருவர் இருமினார். அதற்கு அடுத்தவர் தண்ணீர் டம்ளரை எடுத்து வெகுநேரம் குடித்தார். கோயில் பதிவேட்டில் ஏன் மூன்று வருடமாகப் பெயர்கள் ஏறவே இல்லை என்பது செயலாளருக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் அப்பளக் கூடையை அணைத்தபடி அப்படியே காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. பந்தி முழுவதும் ஆண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

பரமகுரு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வரிசையில் நாற்பத்து நான்கு பேரும் ஒருத்தி இலையிலிருந்து ஒருத்தி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்தார்.

"ஏன் தாயி, உங்க கூட்டத்துல ஆம்பளைங்களச் சேர்த்துக்குவீங்களா?"

"அம்மா வயித்துல பொறந்திருந்தாப் போதும்ங்கய்யா" என்றாள் வைகை.

அவர் அதை யோசித்துப் பார்த்தார்.

"அது உறுதியாத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, பாயசத்துக்குக் கிண்ணத்தை நீட்டினார்.